மூக்கறுந்த எழுத்து

அங்கப்ப நாயக்கன் தெருவில்
பேக்கரிக்கு மேல்மாடி, எங்கள் ஸ்கிரீன் பட்டறை.
கல்யாண மஞ்சள் பை, கட்சி டீ-ஷர்ட்,
கேரம் போட்டிப் பேனர்.
எந்த எழுத்தானால் என்ன?
மை ஒன்று, கூலி ஒன்று.

ஹெப்சிபா டீச்சர் கொண்டுவந்தது
ஒரு பழைய போஸ்டரின் நகல்.
ஹீப்ரு, என்றார்.
நாற்பது வருஷத்துக்கு முன்
அவங்க ஊர்ப் பிள்ளைகளே
அவங்க அரசாங்கத்தை எதிர்த்து,
போர் போதும்னு ராத்திரியில ஒட்டினது.
கறுப்பில் இரண்டே வார்த்தை.
கீழே பொடியாக, அவர் சேர்த்த ஒரு தமிழ் வரி.
நூறு காப்பி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு.

பிலிமை விளக்குக் கண்ணாடியில் வைத்தேன்.
இடது கோடி எழுத்துக்கு
மேல்மூலையில் சின்னப் பிசிறு.
நகலில் வந்த அழுக்கு என்று
பிளேடால் சுரண்டினேன்.
வழவழவென்று வளைந்துகொண்டது.
வலது கோடியில் அதே எழுத்து
மூக்கோடு நின்றதை நான் பார்க்கவில்லை.
தமிழ் என்றால் பார்த்திருப்பேன்.
புள்ளி போனால் பல் பல ஆகும்,
அது தெரியும் எனக்கு.

புதன் ராத்திரி கோதண்டம்
பசை வாளியோடு ராயபுரம் பாலத்தடியில் ஒட்டினான்.
வியாழன் விடிவதற்குள்
கீழ்ப்பாதிமேல் கண்ணீர் அஞ்சலி:
காசிமேட்டு விசைப்படகு தேசப்பன்
கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்தார்.
தமிழ் வரி அவர் நெற்றிக்குப் பின்னால் போயிற்று.

வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்தவர்களுக்கு
மேலே அந்த எழுத்து மட்டும் தெரிந்தது.
டாங்கியின்மேல் பார்த்த எழுத்து.
தினமும் போனில்
வெள்ளைத்துணிப் பொட்டலங்களாய்ப் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள்
வேறென்ன செய்வார்கள்?
நகத்தால் கிழித்தார்கள்.
முதலில் கை வைத்தது
எங்கள் முதலாளி அபூதாகிர் பாயின் தங்கை மகன்.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்,
பாய், நீங்களே அடிச்சிருக்கீங்க,
என்னதான் எழுதியிருக்கு?
தெரியாது சார், என்றார் பாய்.
எங்க எழுத்து மாதிரியே வலப்பக்கம் ஆரம்பிக்கும்.
அவ்வளவுதான்.

டீச்சர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.
கிழியாத ஒன்றில் விரல் வைத்தார், வலமிருந்து இடம்.
தாம், என்றார்.
அடுத்த வார்த்தையில் விரல் நின்றுவிட்டது.
அஹேர்.
வேறு ரத்தம்னு இருக்கே, என்றார், யாரிடமோ போல.

பிறகு சொன்னார்.
அங்கேயும் இதுதான் நடந்ததாம்.
ஒட்டின மறுநாள் காலையில்
தெரு முழுக்க அந்த எழுத்துக்கு மூக்கில்லை.
ஒட்டினவர்கள் நாங்கள் இல்லை என்றார்கள்,
கிழித்தவர்களும் நாங்கள் இல்லை என்றார்கள்.
வழக்கு மூன்று வருஷம்.
நீதிபதி பூதக்கண்ணாடி கேட்டாராம்.
யார் பிளேடு என்று கடைசிவரை தெரியவில்லை.

என் சட்டைப் பையில்
தாளில் மடித்தபடி இருந்தது.

பாய் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.
மூக்கோட படிங்க டீச்சர்.

தாம் எஹாத்.

தம், என்றார் பாய், மெதுவாக.
அஹது.
ஓதப் போற பச்சப்புள்ளைக்கும் தெரியுமே இது.
ரத்தம். ஒன்னு.

மருமகன் கையில் இன்னும்
பசை ஈரத்தோடு கிழிசல்.
இப்ப மட்டும் ஒன்னாமா, என்றான்.
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
கன்டெய்னர் லாரி ஒன்று பாலத்தை அதிரவைத்துப் போனது.
சப்-இன்ஸ்பெக்டர் நோட்டில்
'பிறமொழி வாசகம்' என்று எழுதிக்கொண்டார்.

ராத்திரி தடித்த மார்க்கரோடு தனியாகப் போனேன்.
மிச்சம் பதினோரு போஸ்டர்.
ஒவ்வொன்றிலும் இடது கோடியில் மூக்கு வைத்தேன்.
ஒன்றில், ரோந்து ஜீப்பின் விளக்கு விழுந்த அவசரத்தில்,
நடு எழுத்துக்கும் ஒரு மூக்கு வைத்துவிட்டேன்.

அது என்ன வார்த்தை ஆயிற்றோ.
டீச்சரிடம் இன்னும் கேட்கவில்லை.